விதியா, வீதியா?
(பாதுகாப்பாக நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஏற்ற நகர அமைப்பு பற்றி)

காலை ஏழு மணி பத்து நிமிடம். பாடசாலை மணி அடிக்க இன்னும் இருபது நிமிடங்கள் இருக்கின்றன. வாயிலுக்கு முன்னால் மூன்று பிள்ளைகளை ஏற்றிய மோட்டார் சைக்கிள் ஒன்று வளைந்து வளைந்து வருகிறது. பாடசாலை வேன் ஒன்று கதவை மூடாமலே நகர்கிறது. நடைபாதையில் பாதி ஏறியபடி முச்சக்கர வண்டிகள் நிற்கின்றன. இவற்றுக்கிடையே தரம் ஆறில் படிக்கும் மாணவி ஒருத்தி புத்தகப் பையை இறுகப் பிடித்துக்கொண்டு மஞ்சள் கடவையின் ஓரத்தில் நிற்கிறாள். ஒரு காலை முன்னே வைக்கிறாள். பஸ் ஒன்று வேகத்தைக் குறைக்காமல் வருவதைக் கண்டதும் பின்னே எடுக்கிறாள். மறுபடியும் வைக்கிறாள்.

வீட்டிலிருந்து புறப்படும்போது உம்மா சொல்லியிருப்பார், “பாத்துப் போ மகள்” என்று. அவள் பார்த்துத்தான் போகிறாள். அவளைப் பார்க்க வேண்டியவர்கள் பார்க்கிறார்களா என்பதும், பார்க்கும் வகையில் அந்த வீதி அமைக்கப்பட்டிருக்கிறதா என்பதும் வேறு விடயங்கள்.

வீதி விபத்தில் ஓர் உயிர் பிரிந்தால் அந்த வீட்டில் கூடுவோர் வழமையாக இரண்டு வார்த்தைகள் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். “பிள்ளை பார்க்காமல் பாய்ந்துவிட்டது” என்பது ஒன்று. “எல்லாம் விதி” என்பது மற்றையது. விதியை நாம் மறுக்கவில்லை. ஆனால் வீதியை அமைத்தவர்கள் மனிதர்கள். அதன் அகலத்தையும் வளைவையும் கடவையையும் வேக எல்லையையும் தீர்மானித்தவர்கள் மனிதர்கள். ஆகவே மூன்றாவதாக ஒரு கேள்வியையும் கேட்டாக வேண்டும்: அந்த வீதி ஏன் அப்படி இருந்தது?

இக்கேள்வி எம் ஒருவர் இருவருக்கு மட்டும் உரியதன்று. உலக சுகாதார ஸ்தாபனம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதி விபத்துகளில் இறக்கின்றனர். 5 முதல் 29 வயது வரையானோரின் மரணத்துக்கு முதற்காரணம் இதுவே. இறப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் நடந்து செல்வோர், சைக்கிளில் செல்வோர், மோட்டார் சைக்கிளில் செல்வோர் ஆகியோராவர். எமது சிறிய நாட்டிலும் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை வீதிகளில் இழக்கிறோம்.

ஒரு நாடு கேட்ட கேள்வி

அந்த மூன்றாவது கேள்வியை ஒரு நாடு முழுவதும் உரத்துக் கேட்டதுண்டு. எமது வரலாற்றுப் பாடத்தில் ஒல்லாந்தர் என்று படிக்கிறோமே, அவர்களுடைய நாடான நெதர்லாந்துதான் அது.

இன்று நெதர்லாந்து என்றதும் சைக்கிள்கள் நிறைந்த வீதிகளே நினைவுக்கு வருகின்றன. அந்நாட்டு மக்கள் பிறவியிலேயே சைக்கிளோட்டிகள் என்றும், அவர்களுடைய நகரங்கள் என்றுமே அப்படித்தான் இருந்தன என்றும் பலர் எண்ணுகின்றனர். இது முழு உண்மையன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய காலத்தில் அங்கும் வருமானம் உயர்ந்தது; வீட்டுக்கு வீடு கார் வந்தது. காருக்கு இடங்கொடுப்பதே முன்னேற்றம் என்று கருதப்பட்டது. பழைய குடியிருப்புகள் இடிக்கப்பட்டு வீதிகள் அகலமாக்கப்பட்டன. நகரச் சதுக்கங்கள் வாகனத் தரிப்பிடங்களாயின. சைக்கிளில் செல்வோர் தொகை ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வந்தது.

அதற்குக் கொடுத்த விலை 1971இல் தெரிந்தது. அப்போது சுமார் 1 கோடியே 30 இலட்சம் மக்கள் வாழ்ந்த அந்நாட்டில் அவ்வோர் ஆண்டில் மாத்திரம் 3,200க்கும் மேற்பட்டோர் வீதிகளில் உயிரிழந்தனர். அவர்களுள் 400க்கும் அதிகமானோர் பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி விக் லாங்கன்ஹோஃப் என்ற பத்திரிகையாளரின் மகள். மறு ஆண்டில் அவர் தமது பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். “பிள்ளைக் கொலையை நிறுத்துங்கள்” என்பது அதன் தலைப்பு. ‘விபத்து’ என்று எல்லோரும் சொல்லி வந்ததற்கு ஒரு தந்தை வேறு பெயர் வைத்தார். அத்தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. அதன் முதல் தலைவியாக இருந்தவர் மார்ட்யே வான் புட்டன் என்ற இளம் பெண்.

தாய்மாரும் தந்தைமாரும் பிள்ளைகளும் வீதிக்கு வந்தனர். விபத்துகள் அதிகம் நடக்கும் இடங்களில் அமர்ந்தனர். பிள்ளைகள் விளையாடுவதற்காகச் சில நாட்களில் தெருக்களை மூடினர். தெரு நடுவில் மேசைகளைப் போட்டு அயலவர்கள் எல்லோரும் ஒன்றாக இருந்து உணவருந்தினர். தெரு என்பது வாகனம் கடந்து செல்லும் இடம் மட்டுமன்று, மக்கள் வாழும் இடம் என்பதை அவர்கள் செய்து காட்டினர்.

இதற்கிடையில் 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. எரிபொருளைச் சேமிப்பதற்காக அவ்வாண்டு நவம்பர் 4ஆம் திகதி முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதை அரசாங்கம் தடை செய்தது. பெருந்தெருக்களில் குடும்பம் குடும்பமாக நடந்தனர். பிள்ளைகள் சைக்கிள் ஓட்டினர். கார் இல்லாத நகரம் எப்படி இருக்கும் என்பதை மக்கள் கண்ணால் கண்டனர். நெருக்கடி தீர்ந்த பின்னரும் அவர்கள் அக்காட்சியை மறக்கவில்லை. 1975இல் சைக்கிளோட்டிகளுக்கென ஒரு சங்கமும் தோன்றியது.

வேகம் என்ற கணக்கு

இனி அவர்கள் வீதிகளை எவ்வாறு மாற்றினர் என்று பார்ப்போம். அதற்கு முன் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்ப்பது நல்லது. கணித பாடத்தில் நாம் செய்யும் கணக்குதான்.

ஒரு கார் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறது. அப்படியானால் ஒரு செக்கனில் அது ஏறத்தாழ 14 மீற்றர் தூரம் செல்லும். சாரதி ஆபத்தைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கில் காலை வைக்க ஏறத்தாழ ஒரு செக்கன் ஆகும். இப்போது 14 மீற்றர் தூரத்தில் ஒரு பிள்ளை வீதியில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சாரதியின் கால் பிரேக்கைத் தொடும் அந்தக் கணத்தில் கார் பிள்ளையிடம் வந்துவிடும். வேகம் சற்றேனும் குறைந்திருக்காது.

அதே கார் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால்? அந்த ஒரு செக்கனில் அது சுமார் 8 மீற்றர் தூரமே செல்லும். நல்ல பிரேக்கும் உலர்ந்த வீதியும் இருந்தால் மேலும் 5 மீற்றருக்குள் நின்றுவிடும். மொத்தம் 13 மீற்றர். பிள்ளைக்கு ஓரடி தூரமேனும் முன்னால் கார் நிற்கும். பிள்ளை பயந்து அழும், சாரதி திட்டுவார், இருவரும் வீடு போய்ச் சேருவார்கள்.

இரண்டு சம்பவங்களிலும் பிள்ளை செய்த தவறு ஒன்றே. சாரதியின் கவனமும் ஒன்றே. வேகம் மாத்திரமே வேறு. மோதலின் சக்தி வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப உயரும் என்று பௌதிகவியல் கூறுகிறது. எனவே 50இல் மோதும் வாகனம் 30இல் மோதுவதை விட ஏறத்தாழ மூன்று மடங்கு சக்தியோடு மோதுகிறது. 2020இல் ஸ்டொக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் அமைச்சர் மாநாடு, பாதசாரிகளும் சைக்கிளோட்டிகளும் வாகனங்களோடு கலந்து செல்லும் இடங்களில் வேக எல்லை மணிக்கு 30 கிலோமீற்றராக இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியமைக்கு இதுவே காரணம். நெதர்லாந்தின் தலைநகரான ஆம்ஸ்டர்டாம் 2023 டிசம்பர் மாதத்தில் தனது பெரும்பாலான வீதிகளில் இந்த எல்லையை நடைமுறைப்படுத்தியது.

பலகை போதாது, வீதியே பேச வேண்டும்

‘மெதுவாகச் செல்க’ என்று பலகை நட்டால் மட்டும் வாகனங்கள் மெதுவாகச் செல்வதில்லை. இதை நாம் நன்கறிவோம். குண்டும் குழியுமாக இருந்த எமது ஊர் வீதிக்குக் காபட் இட்ட மறுநாளே அதில் வாகனங்கள் பறக்கத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறோம். அகலமான, நேரான, வழுவழுப்பான வீதி சாரதியிடம் “வேகமாகப் போ” என்றுதான் சொல்கிறது. அதன் ஓரத்தில் நிற்கும் பலகை சொல்வது அவர் காதில் விழுவதில்லை.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1960களின் பிற்பகுதியில் செய்த முயற்சி இதற்கு எதிரானது. குடியிருப்புத் தெருக்களில் வாகனத்துக்கும் பாதசாரிக்கும் இடையிலான கல்வரம்பை எடுத்தனர். தெரு நேராக ஓடாதபடி மரங்களையும் பூந்தொட்டிகளையும் இருக்கைகளையும் இடையிடையே வைத்து வளைத்தனர். தார் இட வேண்டிய இடத்தில் கற்கள் பதித்தனர். உள்ளே நுழையும் சாரதிக்குத் தாம் ஒருவரின் வீட்டு முற்றத்துக்குள் வந்துவிட்டதைப் போன்ற கூச்சம் ஏற்படும். கால் தானாகவே பிரேக்குக்குப் போகும். அதற்கு அவர்கள் இட்ட ‘வோனெர்ஃப்’ என்ற பெயரின் பொருளும் ‘வாழும் முற்றம்’ என்பதே. 1976இல் இதற்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. அத்தெருக்களில் தெருவின் முழு அகலத்திலும் நடக்கவும் விளையாடவும் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு. நடப்பவரின் வேகத்தை ஒட்டியே வாகனங்கள் செல்ல வேண்டும்.

எல்லா வீதிகளையும் முற்றமாக்க முடியாது. பஸ்ஸும் லொறியும் அம்புலன்ஸும் செல்ல வேண்டிய வீதிகளும் தேவை. எனவே 1990களில் அவர்கள் நாட்டு வீதிகளை மூன்று வகையாகப் பிரித்தனர். தூர ஊர்களுக்குச் செல்லும் பெருந்தெரு, அங்கிருந்து ஊருக்குள் வாகனங்களைப் பிரித்துவிடும் வீதி, வீட்டு வாசலுக்குச் செல்லும் தெரு என்பனவே அவை. ஒரு வீதிக்கு ஒரு வேலைதான். வேகமாகச் செல்ல அமைத்த வீதியில் பிள்ளை குறுக்கே வரலாகாது. பிள்ளை விளையாடும் தெருவில் வாகனம் வேகமாக வரலாகாது. இரண்டுக்கும் இடைப்பட்ட வீதியில் இருவரையும் பிரித்து வைக்க வேண்டும். எமது ஊர்களில் பெரும்பாலும் பிரதான வீதி ஒன்றே இந்த மூன்று வேலைகளையும் செய்கிறது. தூரப் பயண பஸ் ஓடுவதும் அதில்தான்; சந்தை கூடுவதும் அதில்தான்; பாடசாலை வாயில் திறப்பதும் அதில்தான்.

பிரித்தலும் இணைத்தலும்

சைக்கிளுக்கென வீதியோரத்தில் வெள்ளைக் கோடு ஒன்றைக் கீறிவிடுவது இலகு. ஆனால் கோடு லொறியைத் தடுக்காது. அதன்மேல் வாகனம் நிறுத்துவோரையும் தடுக்காது. ஆகவே வாகனங்கள் விரைந்து செல்லும் வீதிகளில் சைக்கிள் பாதையைக் கல்வரம்பாலோ புல்வரிசையாலோ முற்றாகப் பிரித்துவிடுகின்றனர். பெரும்பாலான பாதைகள் செந்நிறத்தில் இருப்பதால் தூரத்திலேயே அடையாளம் தெரியும். இன்று அந்நாட்டில் இத்தகைய பாதைகளின் மொத்த நீளம் 35,000 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது.

ஆரம்பத்தில் 1970களின் நடுப்பகுதியில் ஹேக், டில்பர்க் ஆகிய நகரங்களில் மாதிரிக்காகத் தனிப்பாதைகளை அமைத்துப் பார்த்தனர். அப்பாதைகளில் சைக்கிள்கள் கூடின. ஆயினும் அந்த ஒரு பாதை முடிந்ததும் பழைய ஆபத்தே காத்திருந்தது. வீட்டிலிருந்து பாடசாலைக்கு இரண்டு கிலோமீற்றர் என்றால், அதில் ஒன்றரைக் கிலோமீற்றர் பாதுகாப்பாக இருந்து ஒரே ஒரு சந்தி ஆபத்தாக இருந்தாலும் எந்தத் தாயும் பிள்ளையைச் சைக்கிளில் அனுப்பமாட்டாள். ஆகவே டெல்ஃப்ட் நகரில் ஒரு பாதையை அழகாக அமைப்பதை விட்டு, நகரம் முழுவதையும் ஒன்றோடொன்று இணைக்கும் வலையாகப் பாதைகளை அமைத்தனர். அதன் பின்னர் அங்கே சைக்கிள் பயன்பாடு மேலும் கூடியது.

சந்திகளில்தான் ஆபத்து அதிகம். அங்கே அவர்கள் செய்த மாற்றங்கள் சிறியவை. வீதியின் மூலையைக் கூர்மையாக்கினர். அப்போது திரும்பும் வாகனம் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். பக்கத் தெரு வந்து சேரும் இடத்தில் நடைபாதையை வீதி மட்டத்துக்கு இறக்காமல், வீதியை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தினர். அப்போது பாதசாரி இறங்க வேண்டியதில்லை, வாகனமே ஏறி இறங்க வேண்டும். அகன்ற வீதிகளின் நடுவில் நின்று செல்வதற்கு ஒரு திட்டு அமைத்தனர். வயோதிபரும் பிள்ளையும் ஒரே மூச்சில் ஓடாமல் பாதிப் பாதியாகக் கடக்கலாம்.

குரோனிங்கன் நகரம் 1977இல் இன்னொன்று செய்தது. நகர மையத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்தது. நடந்தும் சைக்கிளிலும் ஒரு பகுதியிலிருந்து மறு பகுதிக்கு நேராகச் செல்லலாம். காரில் செல்வோர் மட்டும் வெளியே உள்ள சுற்றுவீதிக்குப் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். வியாபாரம் கெட்டுவிடும் என்று கடைக்காரர்கள் பெரிதும் எதிர்த்தனர். ஆனால் நகரம் வாடவில்லை. இன்று அந்நகருக்குள் நடைபெறும் பயணங்களில் பாதிக்கும் மேற்பட்டவை சைக்கிளில் நடைபெறுகின்றன.

இவற்றோடு கல்வியையும் சட்டத்தையும் அவர்கள் விட்டுவிடவில்லை. ஆரம்பப் பாடசாலையின் இறுதிக் காலத்தில் பிள்ளைகள் வீதிப் பரீட்சைக்குத் தோற்றுகின்றனர். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை மோட்டார் வாகனம் மோதினால் நட்டஈட்டுப் பொறுப்பு பெரும்பாலும் வாகனத்தின் பக்கமே சேரும். பலவானிடமே கூடுதல் பொறுப்பு என்பது அதன் தத்துவம்.

இதன் பலன் என்ன? நெதர்லாந்தின் மக்கள்தொகை இன்று 1 கோடியே 80 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. வாகனங்களும் முன்னரை விடப் பன்மடங்கு. எனினும் அண்மைய ஆண்டுகளில் வீதி மரணங்கள் ஏறத்தாழ 600க்கும் 750க்கும் இடையில்தான் இருந்து வந்துள்ளன. இறக்கும் பிள்ளைகளின் தொகை 1971இல் இருந்ததில் மிகச் சிறு பங்கே. இவ்வழியில் சென்ற வேறு நாடுகளும் பலன் கண்டன. 1997இல் சுவீடன் நாட்டின் பாராளுமன்றம், மனிதர் தவறு செய்வர். அத்தவறுக்கு உயிர் விலையாகாதவாறு வீதியை அமைப்பதே அரசின் கடமை என்ற கொள்கையை ஏற்றது. அதே நோக்கோடு செயற்பட்ட நோர்வேயின் தலைநகரான ஒஸ்லோவில் 2019ஆம் ஆண்டு முழுவதிலும் பாதசாரியோ சைக்கிளோட்டியோ ஒருவர் கூட வீதியில் உயிரிழக்கவில்லை.

எமது வீதிகள்

“அது பணக்கார நாடு, சமதரையான நாடு, எமக்கு எப்படிப் பொருந்தும்?” என்று கேட்கலாம். சமதரை எமக்கும் உண்டு. யாழ்ப்பாணத்திலும் கிழக்கின் கரையோர ஊர்களிலும் மாணவியர் சைக்கிளில் பாடசாலை செல்வது புதிய காட்சியன்று. பணம் என்று பார்த்தால், மேலே சொன்னவற்றுள் பல மலிவானவை. உயர்த்திய கடவைக்கும் நடுத்திட்டுக்கும் மூலையைக் கூர்மையாக்குவதற்கும் தேவையான கல்லும் சீமெந்தும் ஒரு காபட் வீதியின் செலவில் எத்தனை பங்கு? வெயில் எமக்கு அதிகம் என்பது உண்மை. அதற்கு வேண்டியது நிழல் மரங்கள். வீதியை அகலிக்கும்போது நாம் முதலில் வெட்டுவதும் அவற்றைத்தான்.

2022ஆம் ஆண்டை நாம் மறந்திருக்கமாட்டோம். எரிபொருளுக்காக வாப்பாமார் இரவு பகலாக வரிசையில் நின்றார்கள். வீட்டு மூலையில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்களைத் துடைத்து எடுத்தோம். சைக்கிள் கடைகளில் விலை ஏறியது. நடந்து போகக்கூடிய தூரம் எவ்வளவு என்பதை அப்போதுதான் எம்மில் பலர் அறிந்தோம். பின்னர் எரிபொருள் வந்தது; சைக்கிள்கள் மூலைக்குத் திரும்பின. நெதர்லாந்துக்கு 1973இல் வந்த அதே பாடம்தான் எமக்கும் வந்தது. அவர்கள் அதை வீதியில் எழுதி வைத்தார்கள். நாம் இன்னும் எழுதவில்லை.

இதில் பெண் பிள்ளைகளின் பங்கு பெரிது. வீதி பயமாக இருக்கும்போது முதலில் நிறுத்தப்படுவது பெண் பிள்ளையின் பயணமே. ஆண் பிள்ளை எப்படியும் போய்விடுவான். பெண் பிள்ளைக்கு யாராவது கூட்டிப் போக வேண்டும். கூட்டிப் போக ஆளில்லாத அன்று மாலை வகுப்பு இல்லை, நூலகம் இல்லை, தோழி வீடு இல்லை. உடையாத நடைபாதையும் மூடிய வடிகானும் எரியும் தெருவிளக்கும் அவளுக்குப் படிப்போடு தொடர்புடையவை.

நாம் மாணவியர் என்ன செய்யலாம்? வீதியை அமைக்கும் அதிகாரம் எம்மிடம் இல்லை. பார்க்கும் கண் இருக்கிறது. பாடசாலைக்கு வரும் வழியில் நடைபாதை எங்கே முடிகிறது, எங்கே வாகனம் அதை மறித்து நிற்கிறது, எங்கே கடவையின் கோடு அழிந்திருக்கிறது, எங்கே வடிகான் மூடி உடைந்திருக்கிறது என்று ஒரு வகுப்பு ஒரு வாரம் குறித்துக்கொண்டால் போதும், ஒரு வரைபடமே கிடைத்துவிடும். வாயிலுக்கு முன்னால் அரை மணி நேரத்தில் எத்தனை வாகனங்கள் கடவையில் நின்றன, எத்தனை நிற்காமல் சென்றன என்று எண்ணலாம். புவியியலும் கணிதமும் தமிழும் சேர்ந்த செயற்றிட்டம் அது. அந்தத் தாளை மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ பெற்றாரோடு சேர்ந்து கையளிக்கலாம். நெதர்லாந்திலும் மாற்றம் பொறியியலாளரின் மேசையில் தொடங்கவில்லை. பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் தொடங்கியது.

பாதையில் கிடக்கும் தொல்லை தருவதை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று சிறு வயதிலேயே படித்திருக்கிறோம். அன்று அது ஒரு முள்ளாகவோ கல்லாகவோ இருந்திருக்கும். இன்று அது மூடியில்லாத வடிகானாகவும், மறித்து நிற்கும் வாகனமாகவும், பள்ளிக்கூட வாசலில் குறையாத வேகமாகவும் இருக்கிறது.

நாளைக் காலையும் ஏழு பத்துக்கு அந்தத் தரம் ஆறு மாணவி கடவையின் ஓரத்தில் வந்து நிற்பாள். பார்த்துப் போகும்படி அவளிடம் சொல்லிவிட்டோம். இனி அவளைப் பார்த்து நிற்கும்படி வீதிக்குச் சொல்ல வேண்டும்.